அந்த வீக்கம் எதற்காக வந்தது?

மதுரையில் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், "செட் மாத்திரை" என்ற வார்த்தை காதில் விழாமல் போகாது. "தம்பி, கை கால் குடைச்சலுக்கு ஒரு செட் குடுப்பா" என்று கேட்பவர் சீட்டு எதையும் நீட்ட மாட்டார், கொடுப்பவரும் கேட்க மாட்டார். கத்தரியால் அட்டையை வெட்டி, நாலைந்து மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டு மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்று வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக்காகவோ அசிக்ளோஃபெனாக்காகவோ இருக்கும். இன்னொன்று வயிறு எரியாமல் இருக்க. அப்புறம் பொட்டு அளவில் ஒரு சின்ன மாத்திரை இருக்கும் பாருங்கள், முக்கால்வாசி வேலையைச் செய்வது அதுதான். டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. ராத்திரி போட்டால் காலையில் உடம்பு லேசாகிவிடும், "அந்தக் கடை மாத்திரைதான் நமக்குக் கேட்குது" என்று பேரும் கிடைத்துவிடும்.

அந்தச் சின்ன மாத்திரை செய்யும் முக்கிய வேலை, உடம்பில் நடக்கும் அழற்சியை அடக்குவது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ் இந்த நான்கையும் எழுதி வைத்துவிட்டார். வலியும் வீக்கமும் போனால் நல்லதுதானே, அடக்கினால் என்ன என்று கேட்கலாம். எதற்காக எழுந்தது என்று தெரிந்துகொண்டு அடக்கினால் நல்லது. தெரியாமல் அடக்கினால் சில சமயம் ஒன்றும் ஆகாது, சில சமயம் கண் போகும், சில சமயம் உயிரே போகும். இன்றைக்கு மூட்டு, இதயம், சர்க்கரை, புற்றுநோய் என்று எதை எடுத்தாலும் அழற்சி என்ற பேச்சு வந்துவிடுகிறது, அதைக் குறைக்கும் பொடி, கஷாயம், கேப்சூல் என்று வியாபாரமும் சூடுபிடித்துவிட்டது. அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே பார்ப்போம்.

சீமைக்கருவேல முள் குத்தாத கால் நம் பக்கத்தில் குறைவு. குத்திய உடனே சுருக்கென்று வலி, கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சூடாகித் தடிக்கும், மறுநாள் காலை ஊன்ற முடியாமல் பாதமே வீங்கிக்கொள்ளும். முள் இருப்பது ஒரு மூலையில், வீங்கியிருப்பது பாதம் முழுக்க. ஆக வீங்க வைத்தது பெரும்பாலும் உடம்பேதான். தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன, பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதிக ரத்தம் பாய்வதால் சிவப்பும் சூடும் வருகின்றன. குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் திசுவுக்குள் கசிவதால் வீக்கம். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் நரம்பு முனைகளைக் கூசவைப்பதால் தொட்டாலே வலி. அந்த இடைவெளி வழியாகத்தான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சாரிசாரியாக வெளியேறி, முள்ளோடு வந்த கிருமிகளை விழுங்கி, தாங்களும் செத்துச் சீழாகின்றன. பின்னாலேயே மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து செத்ததையெல்லாம் அள்ளித் தின்கின்றன. வலிக்கிறது என்பதற்காக இதை முதல் நாளே முழுதாக நிறுத்திவிட்டால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

இந்தக் கதையை முதலில் கண்ணால் பார்த்தவரும் முள்ளை வைத்துத்தான் பார்த்தார். 1882-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப், கண்ணாடிபோல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், ஊர்ந்து வந்த செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அழற்சி என்பதே கெடுதி என்று பலர் நினைத்திருந்த காலத்தில், இது உடம்பின் தற்காப்பு என்று அவர் சொன்னார். 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் பலருக்கும் தெரியாத இன்னொரு பாதி உண்டு. வேலை முடிந்ததும் அழற்சி தானாக ஓய்ந்துவிடுகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை, ஓய்வதற்கும் உடம்பு தனியாக வேலை பார்க்கிறது. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடம்பே ரிசால்வின் என்ற பொருள்களைத் தயாரித்து, புது வெள்ளணுக்கள் வருவதை நிறுத்தி, இருக்கிற குப்பையைக் கூட்டச் சொல்கிறது என்பதை பாஸ்டனில் சார்ல்ஸ் செர்ஹான் குழு 2000-க்குப் பிறகுதான் விளக்கியது. நாள்பட்ட நோய்கள் பலவற்றில் இந்த நிறுத்தும் வேலைதான் நடப்பதில்லை. கிருமி போகாமல் உள்ளேயே குடியிருக்கலாம், காசநோய் மாதிரி. சொந்தத் திசுவையே அந்நியன் என்று நினைத்து உடம்பு தாக்கலாம், முடக்குவாதம் மாதிரி. அல்லது வலியும் இல்லாமல் வீக்கமும் தெரியாமல், வயிற்றுக் கொழுப்பிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் வருடக்கணக்கில் மெதுவாக நடந்துகொண்டே இருக்கலாம். மூன்றுக்கும் பெயர் அழற்சிதான், ஆனால் வைத்தியம் ஒன்றாக இருக்க முடியாது.

கண்ணை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று புரியும், அதற்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊரும் கிடையாது. கதிர் அடிக்கும்போதோ மாட்டுக்கு வைக்கோல் உதறும்போதோ கண்ணில் ஏதோ விழுந்து உறுத்துகிறது. கசக்கிவிட்டு இரண்டு நாள் பார்ப்பார்கள், யாராவது தாய்ப்பால் விடச் சொல்வார்கள், சிவப்பு குறையவில்லை என்றதும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சட்டென்று குறையும், வலியும் குறையும், ஆள் திரும்ப வயலுக்குப் போய்விடுவார். ஆனால் கருவிழியில் இறங்கியது பூஞ்சையாக இருந்தால், அதைத் தடுத்துக்கொண்டிருந்த வெள்ளணுக்களை அந்தச் சொட்டு கட்டிப்போட்டுவிடுகிறது. ஒரு வாரம் கழித்துக் கருவிழியில் வெள்ளையாகப் புண் பரவி நிற்கும். ஆறினாலும் பூ விழுந்துவிடும், மோசமானால் கண்ணே ஓட்டையாகிவிடும். இதெல்லாம் எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு வருவதில்லை. 1993-ம் வருடக் கணக்கை வைத்து மதுரை மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், ஒரு லட்சம் பேருக்கு வருடம் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது தெரிந்தது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. அடுத்த வருடம் இங்கே பரிசோதித்த நோயாளிகளிடம் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. அதாவது கடைக்காரர் கொடுக்கும் சொட்டு, காசைச் சுண்டிப் போடுகிற மாதிரிதான்.

இப்போது இன்னொரு சிவந்த கண். 1993 கடைசியில் தென் தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்த்து வைகையில் வெள்ளம் போனது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதற்குச் சில மாதம் கழித்து, கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், பார்வை மங்கி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஆட்கள் வழக்கத்துக்கு மாறாக நிறைய வந்தார்கள். கண்ணுக்குள்ளே யுவியா என்ற படலத்தில் அழற்சி. துருவிப் பார்த்ததில் காரணம் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்துப் புழங்கியவர்களுக்கு லெப்டோஸ்பைரா கிருமி தொற்றி, காய்ச்சல் வந்து போய், அதற்கும் பல வாரம், பல மாதம் கழித்துத்தான் கண் சிவந்தது. இங்கே பார்வையைக் கெடுப்பது பெரும்பாலும் கிருமியைத் தேடி வந்த உடம்பின் எதிர்ப்புதான், அதனால் மருத்துவர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்பிவிடும். சொட்டு போடாமல் இருந்தால்தான் ஆபத்து. சிவப்பும் ஒன்றுதான், சொட்டும் ஒன்றுதான், ஒரு கண்ணில் பார்வையைக் கெடுத்த மருந்து இன்னொரு கண்ணில் பார்வையைக் காப்பாற்றுகிறது. விளக்கடித்து உள்ளே பார்த்து, புண்ணைச் சுரண்டி ஸ்லைடில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, பாக்டீரியாப் புண் என்று உறுதியாகத் தெரிந்து, ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்துவிட்டு, தழும்பு குறையட்டும் என்று கூடவே ஸ்டீராய்டு விட்டால் என்ன? கண் மருத்துவர்களே பல வருடம் சண்டை போட்ட கேள்வி இது. பதில் தேடி 500 நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய சோதனையில் மிகப் பெரும்பாலோர் அரவிந்த் மருத்துவமனைகளின் நோயாளிகள், நம் பக்கத்து விவசாயிகளும் கூலி ஆட்களும்தான். 2012-ல் முடிவு வந்தது: மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ரொம்ப மோசமான புண் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன், நோகார்டியா என்ற ஒரு கிருமி இருந்தவர்களுக்குக் கெடுதல். உப்புச்சப்பில்லாத முடிவு மாதிரித் தெரியும். ஆனால் உலகம் முழுக்க மருத்துவர்கள் இதைப் பார்த்துத்தான் இன்று சொட்டு எழுதுகிறார்கள். பூஞ்சைப் புண்ணுக்கு விலை கூடிய வோரிகோனசோலைவிட நாட்டமைசின் சொட்டே மேல் என்று 2013-ல் தெரிந்ததும் அரவிந்தில் நடந்த சோதனையில்தான்.

அரவிந்த் என்றதும் அதை 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமியைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அவரே அழற்சி நோயால் கை கோணிப்போனவர். சென்னை ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர், முடக்குவாதம் கடுமையாகத் தாக்கி 1948-ல் வெளியே வந்தார். மாதக்கணக்கில் படுத்த படுக்கை, பேனா பிடிக்க முடியாத விரல்கள். பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை அந்த விரல்களை வைத்துக்கொண்டு நிறைவேற்ற முடியாது என்று ஆனபிறகு கண் மருத்துவத்துக்கு வந்து, கோணிய கையால் கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். 2006-ல் காலமானார்.

அதே 1948-ல், செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் எழ முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஒரு புது மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். அதுதான் கார்ட்டிசோன், செட் மாத்திரையில் இருக்கும் ஸ்டீராய்டின் மூத்தவர். இரண்டே வருடத்தில் ஹெஞ்சுக்கும் உடன் உழைத்த கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. முடக்குவாதம் ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது: முகம் வட்டமாக உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு பொடிவது, கண் புரை, கண் அழுத்தம், தொற்று, நிறுத்தியதும் நோய் திரும்பி வருவது.

ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து உட்கரு வரை போகிறது, அழற்சியைக் கிளப்பும் மரபணுக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் அமுக்குகிறது. எதிரே எது இருக்கிறது என்று பார்க்காமல் மொத்தமாக அமுக்குவதால்தான் அவ்வளவு வேகமும், அவ்வளவு கெடுதலும். நம் ஊரில் இன்னொரு கூத்து உண்டு. மாதக்கணக்கில் செட் மாத்திரை போட்டு முகம் உப்பியவரைப் பார்த்து, "என்னக்கா, நல்லா தேறிட்டீங்களே" என்பார்கள், அவரும் மருந்து ஒத்துக்கொண்டது என்று சந்தோஷப்படுவார். உள்ளே, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி, வெளியிலிருந்துதான் வருகிறதே என்று தன் வேலையைக் குறைத்திருக்கும். கடை மாறினாலோ காசில்லாமல் திடீரென்று நிறுத்தினாலோ ரத்த அழுத்தம் விழுந்து ஆள் மயங்கி விழுவது அதனால்தான். ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்கு இன்றைக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, சீக்கிரம் போனால். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ வாங்கி வீட்டில் சரம் கட்டும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கட்டி சாயங்காலம் விரல் வலித்தால் அது பெரும்பாலும் உழைப்பு வலி. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல், வெந்நீரில் நனைத்து, ஒரு மணி நேரம் போன பிறகுதான் நாரைப் பிடிக்கவே முடிகிறது, இரண்டு கையிலும் விரல் கணுக்கள் மெத்தென்று வீங்கியிருக்கின்றன, இப்படியே வாரக்கணக்கில் போகிறது என்றால் அது வேறு. மூட்டு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். (2006-ல் ஊரையே குனிந்து நடக்கவைத்த சிக்குன்குனியாவும் சிலருக்கு மாதக்கணக்கில் இதேபோல மூட்டு வலியை விட்டுப்போனது, அதனால் முன்னால் வந்த காய்ச்சலையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.)

அங்கே முதலில் எழுதுவது அநேகமாக மெத்தோட்ரெக்ஸேட். இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: இந்த வகை மருந்துகளை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தை நடத்தியவர், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். புற்றுநோய்க்கு வந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் மூட்டைத் தின்னும் அழற்சியை அடக்குகிறது என்று பிறகு தெரிந்தது. விலையும் குறைவு. கண்ணுக்குள் வரும் யுவியா அழற்சிக்கு மதுரை உட்படப் பல ஊர்களில் 216 பேரை வைத்து நடந்த சோதனையில், விலை கூடிய மைக்கோஃபெனோலேட்டுக்கு இது சளைக்கவில்லை என்று 2019-ல் வெளியானது. ஆனால் ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள்: மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும். தினமும் போடுவது என்று தப்பாகப் புரிந்துகொண்டு எலும்பு மஜ்ஜை செத்து இறந்தவர்கள் உண்டு. பிள்ளை பெறும் திட்டமிருப்பவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அதற்கும் கேட்காதவர்களுக்கு, அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். என்ற ஒற்றைப் பொருளை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன, இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் என்று. அடலிமுமாப்பின் நகல் மருந்தை உலகிலேயே முதலில் 2014 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒரு இந்திய நிறுவனம்தான். மொத்தமாக அமுக்குவதைவிட ஒன்றை மட்டும் பிடிப்பது பாதுகாப்புதானே என்று தோன்றும். இங்கேதான் காசநோய் குறுக்கே வருகிறது. நம்மில் நிறைய பேர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் அடுக்கடுக்காக நின்று உள்ளேயே அடைத்து வைத்திருக்கின்றன, அந்தச் செல்களை அங்கே பிடித்து நிறுத்துவதில் டி.என்.எஃப்.புக்குப் பெரிய பங்கு உண்டு. அதை ஊசியால் உறிஞ்சிவிட்டால் அடைப்பு உடைந்து, மூட்டு சரியாகி நுரையீரலில் காசநோய் கிளம்பும். 2001-லேயே அமெரிக்காவில் இப்படி எழுபது பேரைப் பற்றி எழுதிவிட்டார்கள். உலகக் காசநோயாளிகளில் கால்வாசிப் பேர் இருக்கும் இந்தியாவில் கேட்கவே வேண்டாம். அதனால் ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரே, தோல் அல்லது ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சில மாதம் தடுப்பு மருந்து என்று இழுத்தடிப்பார்கள். இழுத்தடிக்கட்டும், சண்டை போடாதீர்கள். ஆனால் அதே காசநோய் மூளைச் சவ்வில் வந்தால், காசநோய் மருந்தோடு சேர்த்து ஸ்டீராய்டும் கொடுப்பார்கள், கொடுத்தால் சாவு குறைகிறது என்பது நிரூபணமான விஷயம். மண்டை ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடமில்லை, அவ்வளவுதான் காரணம்.

இடம் மட்டுமில்லை, நேரமும் முக்கியம் என்பதைக் கொரோனா நமக்குக் காட்டிவிட்டுப் போனது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி சோதனை முடிவு வந்தது. தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் தரவில்லை. ஆரம்பத்தில் எதிரி வைரஸ், கடைசியில் எதிரி நுரையீரலை நிரப்பிய அழற்சி. இது தெளிவாகத் தெரிந்த பிறகும் 2021-ல் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்து, காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு போட்டவர்கள் எத்தனையோ பேர். அதோடு கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணையும் தாடையையும் எடுத்துக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வலி மாத்திரைகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆஸ்பிரினும் அதன் வகையறாவும் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைத் தடுத்து வேலை செய்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் கண்டுபிடித்தார், 1982-ல் நோபல் பரிசும் வாங்கினார். வயிற்றின் உள்தோலைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் பாயவைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் என்பதால், தினம் விழுங்கினால் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வருகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே துடைத்தெடுக்கப் பார்த்ததால், 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. கழுகுக்கு இருந்த அக்கறையில் கொஞ்சம் நம் சிறுநீரகத்தின் மேலும் இருக்கலாம்.

இப்போது சத்தமில்லாத வகை. தொப்பைக்குள் சேரும் கொழுப்பு வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை, அதற்குள் மேக்ரோஃபேஜ்கள் குடியேறி டி.என்.எஃப். போன்றவற்றைக் கசியவிடுகின்றன, இன்சுலின் சொல்வது செல்லுக்குக் கேட்காமல் போவதில் அதற்கும் பங்கு உண்டு. ஈறு வீங்கி ரத்தம் கசிபவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம், ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்குகிறது. சர்க்கரைக்காரர்கள் பல் டாக்டரிடம் போவதே இல்லை என்பது என் தனிப்பட்ட எரிச்சல். நடப்பது, புகையை விடுவது, இடுப்பளவைக் குறைப்பது இதெல்லாம் சத்தமில்லாத அழற்சியைக் குறைக்கின்றன, கேட்க அலுப்பாக இருந்தாலும் உண்மை.

மஞ்சள்? கேட்பீர்கள் என்று தெரியும். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதிலும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது சொற்பம். சோதனைக் குழாயில் அழற்சியை அழகாக அடக்கும் இந்தப் பொருள், மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் மூட்டு தேய்மான வலிக்குக் கொஞ்சம் உதவியதைத் தாண்டிப் பெரிதாக எதையும் நிரூபிக்கவில்லை. குழம்பில் போடுங்கள், பாலில் போடுங்கள், ஒரு தப்பும் இல்லை. மிளகுச் சத்தோடு சேர்த்து விற்கும் அடர்த்தியான கேப்சூல்தான் வேறு கதை, அதை விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்களை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

செக்கப் பேக்கேஜில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்று இரண்டு வரி வருவதைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சி.ஆர்.பி. கல்லீரல் தயாரிக்கும் புரதம், உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும், சளி பிடித்தாலும் ஏறும். எங்கே, எதனால் என்று அது சொல்லாது. ஈ.எஸ்.ஆர். ரத்தசோகையிலும் கர்ப்பத்திலும் வயதானாலும்கூட ஏறும், நம் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பதால் அந்த ஒரு எண்ணை வைத்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் துல்லியமாக அளக்கும் சி.ஆர்.பி. இதயத்தைப் பற்றி ஒரு பெரிய கேள்வியைக் கிளப்பிவிட்டது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம். அப்படியானால் கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தால் மாரடைப்பு குறையுமா? ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனாகினுமாப் என்ற ஊசியை வைத்து நடந்த கான்டோஸ் சோதனை 2017-ல் ஆமாம் என்றது: கொலஸ்ட்ரால் அசையவில்லை, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. எதிர்பாராத விதமாக நுரையீரல் புற்றுநோயும் குறைந்தது. கூடவே தொற்றால் இறந்தவர்கள் சற்று அதிகம். காவலைக் குறைத்தால் அதற்கு ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது, ஊசியின் விலையும் லட்சக்கணக்கில். இதயத்துக்கு அதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பழைய, மலிவான மாத்திரையை எடுத்தார்கள், கோல்ச்சிசின். கால் கட்டைவிரலில் வரும் கவுட் என்ற வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுப்பது. நியூட்ரோஃபில்கள் ஊர்ந்து போவதற்குத் தேவையான உள் சட்டத்தை அது கலைத்துவிடுகிறது. தினம் அரை மில்லிகிராம் வீதம் 5,522 இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் மாரடைப்பு முதலியவை 31 சதவீதம் குறைந்ததாக 2020-ல் வெளியானது, 2023-ல் அமெரிக்கா இதயத்துக்கு அதை அனுமதித்தது. 2024-ல் ஏழாயிரம் பேரிடம், மாரடைப்பு வந்த கையோடு தொடங்கிய இன்னொரு பெரிய சோதனையில் பலனே தெரியவில்லை. ஆக விவகாரம் இன்னும் முடியவில்லை, யாருக்கு, எப்போது தொடங்கினால் நல்லது என்று பிரித்துப் பார்க்கும் வேலை நடக்கிறது.

இந்தக் கோல்ச்சிசின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஐரோப்பாவில் ஒரு வகைக் குங்குமப்பூச் செடி மாதிரியான பூவிலிருந்து. இங்கே நம் மாநிலப் பூவான செங்காந்தளிலிருந்து. திண்டுக்கல் தாண்டி ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் இதே கொடி ஏறி நிற்பதைப் பார்க்கலாம், பூக்கும் பருவத்தில் காலையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். விதை வெளிநாட்டுக்குப் போகிறது, கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும், சில வருடம் விவசாயியைக் கவிழ்த்தும் விடும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவான பொருள் இது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கூடவே எடுப்பவர்களுக்கும் மாத்திரை அளவிலேயே ஆபத்து ஏறிவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்தோ, நாட்டு மருந்து என்று இடித்துக் குடித்தோ இந்தக் கிழங்கு வயிற்றுக்குள் போனால், வாந்தியும் பேதியுமாகத் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை போய்விடும், முறிவு மருந்தும் கைவசம் கிடையாது. இதயத்துக்கு நல்லதாமே என்று யாராவது ஒட்டன்சத்திரத்திலிருந்து கிழங்கு வாங்கி வந்தால், வாங்கி வைத்துக்கொள்ளாமல் தூரப் போடச் சொல்லுங்கள்.